யூட்டுக்குப் பூட்டுள்ள கனோபி: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் யூட், அதாவது நான்கு கதவும் பின்னால் தொட்டியும் உள்ள பிக்கப் வண்டி, வாங்கிய கொஞ்ச நாளிலேயே வருகிற கேள்வி, பின்னால் திறந்து கிடக்கிற தொட்டியை எப்படிப் பூட்டுவது என்பதுதான். ரேஞ்சர், ஹைலக்ஸ், டிமாக்ஸ், ட்ரைட்டன் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். குழந்தைகளுக்குப் பின் இருக்கை கிடைத்துவிட்டது, சாமான் போடவும் இடம் இருக்கிறது, ஆனால் கடைக்குப் போய் பத்து நிமிஷம் வண்டியை விட்டுவிட்டு வர மனம் வருவதில்லை. கனோபி, அதாவது தொட்டியின் மேல் மாட்டுகிற கூடு, போடலாம் என்று விசாரிக்கப் போனால் அங்கே பேச்சு உடனே ஃபைபர்கிளாஸா, ஸ்டீலா, அலுமினியமா என்று பொருளில்தான் தொடங்கும். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வண்டியில் இன்னும் எத்தனை கிலோ ஏற்ற முடியும், எந்தச் சாமானை எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை தடவை எடுக்கப் போகிறீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வுகள் தாமாகவே கழன்றுவிடும்.

முதலில் கனோபியே வேண்டுமா என்று பார்த்துவிடலாம். துணி மாதிரி இருக்கிற மென்மூடியைப் பூட்டு என்ற பேச்சிலேயே சேர்க்க முடியாது, ஒரு கத்தி போதும். தொட்டியின் வாயை மூடுகிற கெட்டியான தட்டை மூடியும், சுருண்டு போகிற ரோலர் ஷட்டரும் பூட்டத்தக்கவைதான். பார்க்க அழகு, எடை குறைவு, வண்டியின் உயரம் கூடாது, கண்ணாடி வழியாகப் பின்னால் நன்றாகத் தெரியும். நகரத்துக்குள் ஓட்டி, வாரக் கடைசியில் இரண்டு பெட்டியும் ஒரு ஸ்ட்ரோலரும் ஏற்றுகிறவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் உயரமான சாமான் எதுவும் உள்ளே போகாது. ரோலர் சுருண்டு உட்காருகிற பெட்டி தொட்டியின் முன்பக்கத்தில் நல்ல இடத்தைத் தின்றுவிடும். மண்சாலையில் போனால் அதன் தண்டவாளங்களில் புழுதி ஏறி இழுக்கவே கஷ்டமாகிவிடும். ஃபிரிட்ஜ் வைக்க வேண்டும், ஜெனரேட்டர் வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை விட்டுவிட்டு நேராகக் கனோபிக்கே வந்துவிடலாம்.

கனோபியில் மூன்று வழி இருக்கிறது. தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்கிளாஸ் கூடு மாட்டுவது முதல் வழி. ஏஆர்பி, ஃப்ளெக்ஸிகிளாஸ், கேரிபாய் மாதிரியானவை. அதே தொட்டியின் மேல் உலோகக் கூடு மாட்டுவது இரண்டாவது. தென்னாப்பிரிக்காவின் ஸ்மார்ட்கேப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஐந்து துண்டுகளாக வந்து இணைகிறது, அங்கிருந்தே வருகிற ஆலுகேப் அலுமினியம். மூன்றாவது, தொட்டியையே கழற்றிப் போட்டுவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் தட்டையான அலுமினிய ட்ரேயும் அதன் மேல் முழுப் பெட்டியும் கட்டுவது. கெய்ர்ன்ஸின் நார்வெல்ட், நியூகாஸிலின் மிட்ஸ் அலாய் போன்றவர்கள் செய்வது இதுதான். விலை தோராயமாக முதல் வழிக்கு 3,000 முதல் 5,000 டாலர், இரண்டாவதற்கு 4,500 முதல் 7,000, மூன்றாவதில் உள் வேலைகளோடு சேர்த்தால் 15,000ஐத் தாண்டுவது சாதாரணம்.

மூன்றாவது வழியின் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இரண்டு பக்கமும் முழு நீளக் கதவு, உள்ளே இழுப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை. ஆனால் ஆசைப்படுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்கைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் இதில் தவறினால் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

டிமாக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2020க்குப் பிறகு வந்த நான்கு சக்கர இயக்க டபுள் கேப்பின் ஜிவிஎம், அதாவது வண்டியும் ஆட்களும் சாமானும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை, 3,100 கிலோ. வெறும் வண்டி 2,100 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக ஏற்றுவதற்குக் கிடைப்பது சுமார் 970 கிலோ. ஒரு டன் அளவுக்கு இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றும். இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். முன்னால் மாட்டுகிற ஸ்டீல் புல்பாரும் இழுவைக் கயிறு சுற்றும் வின்ச்சும் 90. கேரவன் மாட்டுகிற டோபார் 30. சாதாரணக் கனோபி 80. இரண்டு இழுப்பறைகள் 90. நிரம்பிய ஃபிரிட்ஜ் 50. இரண்டாவது பேட்டரி 20. அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் 280. பின்னால் இரண்டரை டன் கேரவன் இழுத்தால் அதன் மூக்கு வண்டியின் மேல் இறக்குகிற எடை, பத்து சதவீதம் என்று வைத்தால், 250. கூட்டினால் 890. மீதி 80 கிலோ. இன்னும் தண்ணீர் ஏற்றவில்லை, துணிமணி இல்லை, கூடாரம் இல்லை, அரிசிப் பை இல்லை.

இதே கணக்கில் தொட்டியைக் கழற்றி ட்ரேயும் பெட்டியும் போட்டுப் பாருங்கள். ட்ரேயும் வெறும் பெட்டியும் சேர்ந்து 300 கிலோ ஆவது சர்வசாதாரணம், கழற்றிய தொட்டிக்கு ஒரு 120 கிலோவைத் திருப்பிக் கொடுத்தாலும் நிகரம் 180. முன்பு கனோபிக்கு 80 இருந்த இடத்தில் இப்போது 180, அப்படியென்றால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வண்டி 20 கிலோ சட்ட எல்லையைத் தாண்டி நிற்கிறது. இழுவை 3,500 கிலோ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அது இந்தக் கணக்குக்கு உதவவே உதவாது.

ஜிவிஎம்மைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஸ்பிரிங் மாற்றி, சான்று வாங்கி, புதுத் தகடு ஒட்டி, ஜிவிஎம்மைப் பல நூறு கிலோ உயர்த்தலாம். புது வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே செய்துவிட்டால் மாநிலம் மாறினாலும் தொல்லை குறைவு. ஆனால் ஜிவிஎம் கூடினால் ஜிசிஎம், அதாவது வண்டியும் இழுக்கும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை, தானாகக் கூடிவிடாது. பின் அச்சுக்கென்று தனி எல்லை இருக்கிறது. டபுள் கேப்பில் தொட்டியின் கணிசமான பாகம் பின் அச்சுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, கேரவன் மூக்கின் எடை அதற்கும் பின்னால் இறங்குகிறது, கனமான பெட்டியையும் அங்கேயே ஏற்றினால் முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். வெளிநாட்டுப் படங்களில் இல்லை, நம் ஊர் பாலைவனப் பாதைகளிலேயே நடு முதுகு வளைந்த யூட்களைப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி ஒரு மீட்டரில் ஏற்றிய எடைதான். போதாததற்கு ஸ்பிரிங் தொங்குகிறதே என்று காற்றுப்பையை ஊதி நிமிர்த்தினால் மொத்த எடையும் சேசிஸின் ஒரே புள்ளியில் போய் உட்காரும்.

ஆகவே குடும்பத்தோடு போகிற, கேரவன் இழுக்கிற வண்டிக்கு மூன்றாவது வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ, தினமும் ஒற்றை ஆளாக, கேரவன் இல்லாமல், கருவிகளை இரண்டு பக்கமிருந்தும் எடுத்து வேலை செய்கிறவருக்கு அது தங்கம். வண்டியை விற்கும்போது பெட்டியைக் கழற்றி அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் அவருக்குப் பெரிய லாபம். அதற்காகக் கழற்றிய தொட்டியை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கவும் இடம் வேண்டும்.

இனி பூட்டுக்கு வருவோம். கனோபியின் பின்கதவுக் கண்ணாடியில் நல்ல பூட்டு இருக்கும், இரண்டு மூலையிலும் கொக்கி போட்டு மூடும், சாவியைத் திருப்பினால் திருப்தியாக இருக்கும். அதன் கீழே டெயில்கேட், அதாவது தொட்டியின் கீழே இறங்குகிற பின்தட்டு, இருக்கிறதே, அது பூட்டுகிறதா? பல மாடல்களில், குறிப்பாகக் கொஞ்சம் பழைய வண்டிகளில், ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டும், டெயில்கேட் மட்டும் பூட்டாது. சில கனோபிகளில் கண்ணாடிக் கதவு டெயில்கேட்டின் மேல் விளிம்பை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும், கண்ணாடியைத் திறக்காமல் டெயில்கேட் இறங்காது. சிலவற்றில் அந்தப் பிடிப்பு பெயருக்குத்தான், கைப்பிடியை இழுத்தால் டெயில்கேட் தாராளமாக இறங்கிவிடும், உள்ளே இருப்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 4,000 டாலர் கொடுத்துப் போட்ட பூட்டு சில நொடிகூடத் தாங்காது என்றால் வயிறு எரியாதா? கடையில் காட்சிக்கு நிற்கிற வண்டியிலேயே கனோபியைப் பூட்டச் சொல்லிவிட்டு டெயில்கேட்டை இழுத்துப் பாருங்கள். இறங்கினால், டெயில்கேட்டுக்குத் தனியாக சென்ட்ரல் லாக்கிங் கிட் போடும் செலவையும் அதே மதிப்பீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதிகம் ஆகாது, ஆனால் அது இல்லாத கனோபி மழைக்கு மட்டும்தான் உதவும்.

கனோபியின் பூட்டையே வண்டியின் ரிமோட்டோடு இணைக்கிற வசதி ஏஆர்பியின் அசென்ட் போன்ற விலை கூடிய வகைகளில் உண்டு. வெறும் சொகுசு என்று இதை ஒதுக்க வேண்டாம். சாவி போட்டுப் பூட்டுகிற கனோபியை, அவசரத்தில், கையில் பிள்ளையோடு, மழையில், யாரும் ஒவ்வொரு முறையும் சுற்றிவந்து பூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று கதவுக்கும் மூன்று சாவி கொடுத்தால் இன்னும் மோசம், ஒரே சாவியில் எல்லாம் திறக்கும்படி ஆர்டர் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

பக்கவாட்டு ஜன்னலில் மூன்று வகை. தள்ளித் திறக்கிற கண்ணாடி மலிவு, காற்று வரும், நாய் வைத்திருப்பவர்களுக்கு நல்லது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நடந்து போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டே நிற்கும், அதன் வழியாகப் பெரிதாக எதையும் எடுக்கவும் முடியாது. மேலே தூக்குகிற கண்ணாடி நடுத்தரம். மேலே தூக்குகிற உலோக அல்லது பிளாஸ்டிக் கதவு, அதாவது கண்ணாடியே இல்லாதது, பூட்டு என்ற நோக்கத்துக்கு இதுதான் சரி. வெளியிலிருந்து எதுவும் தெரியாது, உள்பக்கம் தட்டு மாட்டிக் கருவிகளைத் தொங்கவிடலாம், மழையில் கதவே கூரையாக நிற்கும். டெயில்கேட்டில் ஏறி முழங்காலிட்டு உள்ளே தவழ்ந்து போய் தொட்டியின் முன்மூலையில் கிடக்கிற கயிற்றை எடுக்கிற வேலை இல்லாமல் போகிறது என்பதே என் பார்வையில் இதன் பெரிய பயன். ஒரே ஒரு இழப்பு, ஓட்டும்போது பின்பக்கத் தோள்வழியே பார்த்தால் இருட்டாக இருக்கும். லேன் மாறும்போது கண்ணாடிகளைத்தான் நம்ப வேண்டும். பணம் இடித்தால் நடைபாதைப் பக்கம் மட்டும் தூக்குகிற கதவு, மறுபக்கம் கண்ணாடி என்று கலந்து வாங்கவும் சில கம்பெனிகளில் வழி இருக்கிறது.

சரி, பொருள். ஏபிஎஸ் இலேசு, வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் செய்து வரும், சின்ன உரசலைத் தாங்கும், உடைந்தால் ஒட்டுவது கஷ்டம். ஃபைபர்கிளாஸ் உடைந்தாலும் பட்டறையில் சரிசெய்துவிடலாம், ஆனால் அலை அலையாக வரிவிழுந்த மண்சாலையில் மணிக்கணக்கில் அதிர்ந்தால் கீல்கள் இருக்கும் இடத்திலிருந்து மயிரிழைபோல விரிசல் ஓடத் தொடங்கும். பழைய கனோபி வாங்குகிறவர்கள் அந்தக் கீல்களைச் சுற்றி விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். உலோகம் உறுதி, கதவு கனமாக, இறுக்கமாக மூடும், ஆனால் வெயிலில் உள்ளே அடுப்புதான். உள்ளே துணியுறை ஒட்டியதாக வாங்கினால் சத்தமும் சூடும் கொஞ்சம் குறையும். எடையில் ஒற்றைக் கூடுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாமே 60 முதல் 90 கிலோ என்ற வட்டத்துக்குள் வந்துவிடும்.

பொருள் முக்கியமாவது கூரையில் எடை ஏற்றும்போதுதான். கூரைக் கூடாரம் வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: நிற்கும்போது தாங்கும் எடை, ஓடும்போது தாங்கும் எடை. விற்கிறவர் முதல் எண்ணைத்தான் சொல்வார், ஏனென்றால் அது பெரியது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, அதிலும் மண்சாலைக்கென்று தனியாக இன்னும் குறைந்த எண் கொடுத்திருக்கிறார்களா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டின் மேல் 70 கிலோ கூடாரம் வைப்பதாக இருந்தால் உள்ளே எடையைத் தொட்டிக்கு இறக்குகிற உலோகச் சட்டம் வேண்டும். வெறும் கூட்டை நம்ப வேண்டாம். கூடாரம் உறுதி என்று ஆகிவிட்டால் நேராக உலோகக் கனோபிக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம், விலையில் வருகிற ஆயிரத்துச் சொச்சம் டாலர் வித்தியாசம் அந்தச் சட்டத்துக்கே செலவாகிவிடும். அப்புறம் உயரத்தையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கனோபி வண்டியின் கூரை அளவுக்குத்தான் வரும், ராக்கும் கூடாரமும் ஏறினால் 2.1 மீட்டர் என்று பலகை தொங்குகிற ஷாப்பிங் சென்டர் பார்க்கிங் எல்லாம் உங்களுக்கு இல்லை.

புழுதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கிப் ரிவர் ரோடு போல 660 கிலோமீட்டர் சாலையிலோ, 517 கிலோமீட்டர் பேர்ட்ஸ்வில் டிராக்கிலோ போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரே குறை இதுதான்: பூட்டு அப்படியே இருந்தது, உள்ளே எல்லாம் சிவப்பு மாவு. ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, அது எழுப்பிவிட்ட புழுதியை டெயில்கேட்டின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கிறது. கனோபி எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் இந்த இடுக்கு வண்டிக் கம்பெனி விட்டது, கனோபிக்காரர் விட்டதில்லை. டெயில்கேட்டைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுகிற கிட் வாங்கி ஒட்டினால் பெரும்பாலும் அடங்கும். அதோடு கனோபியின் கூரை முன்பக்கத்தில் காற்றை உள்ளே தள்ளுகிற சின்ன வென்ட் இருந்தால், உள்ளே அழுத்தம் கூடி புழுதியை வெளியே தள்ளும், வாங்கும்போதே அது உண்டா என்று கேளுங்கள்.

ஒட்டியபின் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரவில் இருட்டான கராஜில், பெரிய டார்ச் ஒன்றை உள்ளே எரியவிட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியே குனிந்து சுற்றிப் பாருங்கள். டெயில்கேட் கீல்களின் அருகே, கீழ் மூலைகள் இரண்டிலும், தொட்டியின் தரையில் இருக்கிற வடிகால் துளைகளில், கயிறுபோல ஒளி கசியும். அத்தனை இடத்திலும் புழுதி வரும். பென்சிலால் குறி வைத்துக்கொண்டு மறுநாள் பகலில் அடைக்கலாம்.

அடைக்க அடைக்க இன்னொரு ஆபத்து பிறக்கிறது, அதையும் கவனியுங்கள். கேஸ் சிலிண்டரைப் புழுதி புகாத பெட்டிக்குள் வைக்கக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தொட்டியின் தரையிலேயே தேங்கி நிற்கும், பக்கத்தில் ஃபிரிட்ஜின் மோட்டார் ஒரு பொறி விட்டால் போதும். சிலிண்டரும் பெட்ரோல் கேனும் வெளியே, தனித் தாங்கியில். உள்ளேதான் என்றால் தரைமட்டத்தில் வென்ட் உள்ள தனிப் பெட்டியில். நாயை ஏற்றுகிறவர்கள் கோடைக்காலத்தில் நிற்கும் வண்டியின் கனோபிக்குள் அதை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

மாட்டுகிற வேலை தொட்டி இருக்கும் வகைகளுக்கு அரை நாள்தான், ஆனால் அதற்கு முன் உங்கள் தொட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விளிம்பின் மேல் மடிகிற பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கனோபி அதன் மேல் உட்காராது, வெட்ட வேண்டும் அல்லது விளிம்புக்குக் கீழே நிற்கிற லைனர் மாற்ற வேண்டும். தொட்டியின் மேல் வளைந்து நிற்கிற ஸ்போர்ட்ஸ் பார் கழன்றுவிடும், அதைப் பிடித்திருந்த துளைகளை அடைக்கச் சொல்ல வேண்டும். விளிம்பைத் துளைக்காமல் உள்பக்கத்திலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்குகிற வகையே நல்லது, நாளைக்கு ஒரு பெரிய மரச் சாமானோ மண்ணோ ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து கழற்றிவிடலாம். நிறம் சேர்த்து வருவதற்குச் சில வாரங்கள் ஆகும், மேலிருக்கும் பிரேக் விளக்கு, உள் விளக்கு, பூட்டு இவற்றின் வயர்களை எங்கே இணைக்கிறார்கள் என்று வண்டியை விடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்று ஒரு குடும்ப யூட்டுக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொட்டியை விட்டுவைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடியில்லாத தூக்குக் கதவு உள்ள ஏபிஎஸ் கனோபியும், ரிமோட்டோடு இணைந்த பூட்டும், டெயில்கேட்டுக்குப் பூட்டுக் கிட்டும் ரப்பரும் வாங்குவேன், மிச்சப் பணத்தில் இழுப்பறைக்குப் பதிலாக இலேசான பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி அந்த 90 கிலோவைத் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வேன். கூரைக் கூடாரம் போடுகிற இளவட்டம் என்றால் உலோகக் கூடு. தினசரித் தொழில் என்றால் ட்ரேயும் பெட்டியும்.

எதைப் போட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கனோபியின் மதிப்பைப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கிற கருவிகளையும் கேம்பிங் சாமானையும் வண்டிப் பாலிசி பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். முதல் நீண்ட மண்சாலைப் பயணத்தில் அன்றன்று மாலை வண்டியை நிறுத்தியதும் கிளாம்ப் நட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் அமுங்கி அமுங்கி அவை தளர்ந்திருக்கும். எல்லாம் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, கேரவனையும் மாட்டிக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பு ஒரு பொது எடைமேடையில் வண்டியை ஏற்றி, பின் அச்சின் எடையைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.